சிக்னலா, வேகத்தடையா, ஒழுங்கை வாயா: சபைக் காசை எங்கே போடுவது?

கார்த்திகை பிறந்தால் உள்ளூராட்சி சபைகளில் பாதீட்டுப் பேச்சு தொடங்கிவிடும். வட்டாரங்களிலிருந்து கோரிக்கைக் கடிதங்கள் போகும். மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தொடக்கம் காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம் என்று களுவாஞ்சிகுடி வரைக்கும், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஓடுகிற எங்கள் பிரதான வீதியோரத்தில் அந்தக் கடிதங்களில் வீதி விபத்து தவறாமல் இடம்பிடிக்கும். கேட்பவையும் வருடா வருடம் ஒன்றுதான். சந்திக்குக் கலர் லைட் போடுங்கள், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை கட்டுங்கள், வீதி விளக்கை எரிய வையுங்கள், கட்டாக்காலி மாட்டைப் பிடியுங்கள், கெமரா பூட்டுங்கள். ஐந்தும் நியாயம்தான். ஐந்துக்கும் காசு இல்லை.

2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்த பிறகு, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் கடிதத்தை நீட்ட ஓர் உறுப்பினர் கூட இல்லாமல் இருந்தோம். செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் சபைகளை நடத்தினார்கள். இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதனால் எதை முதலில் கேட்பது என்று யோசித்துக் கேட்கலாமே. நான் பொறியியலாளன் இல்லை. இருபது வருடமாக இதே வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன், இரண்டு தடவை விழுந்தவன், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீதி யாருடையது என்று பார்க்க வேண்டும். எங்கள் பிரதான வீதி ஏ4. கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பில் வந்து முடிகிறது. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சம் கிடக்கிற உள்வீதியும் ஒழுங்கையும்தான் மாநகர சபைக்கும் நகர சபைக்கும் பிரதேச சபைக்கும். ஏ4 இல் ஒரு மஞ்சள் கடவைக் கோடு கீறுவதென்றாலும் சபை இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டும். தேர்தல் மேடையில் "பிரதான வீதிக்கு நான் வேகத்தடை போட்டுத் தருவேன்" என்று வாக்குக் கொடுப்பது கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. அதனால் இந்த ஒப்பீட்டில் நான் முதலில் பார்ப்பது சபை தன் சொந்தக் கையால் எதைச் செய்ய முடியும் என்பதையே. விலை அதற்குப் பிறகு.

சரி, கலர் லைட்டில் தொடங்குவோம். அதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. பச்சையும் சிவப்பும் எரிந்தால் ஊர் நகரமாகிவிட்டதுபோல ஓர் உணர்வு. நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு வாகனம் வருகிற, நடந்து போகிறவருக்கு இடைவெளியே கிடைக்காத சந்தியில் அது நல்ல தீர்வுதான். மட்டக்களப்பு நகருக்குள் அப்படி ஒன்றிரண்டு சந்திகளைச் சொல்லலாம். ஆனால் நகரை விட்டுத் தெற்கே வந்தால் வீதியின் குணம் வேறு. ஒரு பெரிய வீதி, அதற்கு இரண்டு பக்கமும் சீப்புப் பல்லுப்போல ஒழுங்கைகள். அங்கே சிக்னல் போட்டால் ஒழுங்கையில் ஒருவரும் இல்லாத நேரத்திலும் பெரிய வீதிக்குச் சிவப்பு விழும். இரண்டு நாள் நிற்பார்கள், மூன்றாம் நாள் நிற்க மாட்டார்கள். பக்கவாட்டில் வந்து மோதுவது சிக்னலால் குறையும், ஆனால் முன்னால் திடீரென்று நிற்கிற வாகனத்தின் பின்னால் போய் மோதுவது கூடலாம். மின்சாரம், பராமரிப்பு, பழுதானால் உதிரிப்பாகம் என்று செலவு பிறகும் தொடரும். பழுதாகி இருண்டு கிடக்கிற சிக்னல், சிக்னலே இல்லாத சந்தியை விட மோசம். ஒருவன் தனக்குப் பச்சை என்று நினைப்பான், மற்றவன் லைட்டே இல்லை என்று நினைப்பான்.

அதே சந்திக்கு இன்னொரு வழி சிறிய சுற்றுவட்டம். நான்கு வீதி சந்திக்கிற சாதாரணச் சந்தியில் வாகனப் பாதைகள் ஒன்றோடொன்று முட்டக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றை நிரல் சுற்றுவட்டத்தில் அது 8 ஆகக் குறைகிறது. எல்லோரும் வளைந்தே போக வேண்டும் என்பதால் வேகமும் தானாக இறங்கும். கரண்ட் தேவையில்லை, புயலடித்தாலும் வேலை செய்யும். குறை, இடம் வேண்டும். எங்கள் ஊரில் இன்னொரு குறையும் உண்டு. நடுவில் யாருடைய சிலை வைப்பது என்ற சண்டை முடிய முன்னர் சபையின் பதவிக்காலம் முடிந்துவிடும். இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் என் கை சுற்றுவட்டத்துக்கே போகும். இரண்டும் ஏ வகுப்பு வீதியில் சபையால் தனியாகச் செய்யக்கூடியவை அல்ல என்பதையும் மறக்கக்கூடாது.

கெமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடுகிற வாகனத்துக்குத் தண்டம் எழுதுவது பொலிசின் வேலை. சபை கெமரா வாங்கிப் பூட்டினாலும், படத்தைப் பார்த்து வழக்குப் போடப் பொலிசில் ஆள் இல்லையென்றால் அது விபத்து நடந்த பிறகு முகநூலில் போடக் காணொளி எடுத்துத் தருகிற சாமான்தான்.

வேகத்தடைக்கு வருவோம். இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. சில வருடத்துக்கு முன் ஒரு மாரி இரவு, உள்வீதி ஒன்றில் அன்று பகல்தான் கட்டி முடித்த வேகத்தடையில் ஏறி விழுந்தேன். கோடு கீறவில்லை, பலகை வைக்கவில்லை, விளக்கு இல்லை. ஒரு முழம் அகலத்தில் சீமெந்தால் திரட்டி வைத்த வரம்பு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மஞ்சளும் கையுமாக வந்து, "என்ன மனே, றோட்டுக்குக் குறுக்கால மதிலக் கட்டி வச்சிருக்கானுகள்" என்றார். அதைவிடச் சரியான வர்ணனை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

வேகத்தடை என்ற யோசனையில் பிழை இல்லை, பிழை அதன் வடிவத்தில். 1970களில் பிரித்தானிய வீதி ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்துத் தேர்ந்த வடிவத்தில் வேகத்தடை 3.7 மீற்றர் நீளம், 10 சென்றிமீற்றர் உயரம். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அளவான வேகத்தில் போகிறவருக்கு அது ஒன்றுமே செய்யாது, வேகமாகப் போகிறவரைத்தான் தூக்கிப் போடும். நாங்கள் கட்டுகிற குறுகிய வரம்பு நேர்மாறு. மெதுவாகப் போகிற கர்ப்பிணியையும் சைக்கிளில் போகிற கிழவரையும் உலுப்பும், வேகமாகப் போகிற பெரிய சில்லு வாகனம் அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிவிடும். மோட்டார் சைக்கிள்காரர் ஓரத்து இடைவெளியால், அதாவது நடந்து போகிறவரின் இடத்தால் நழுவுவார். வைத்தியசாலைக்குப் போகிற வழியில் கட்டினால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்சும் அதில் தடக்கித்தான் போக வேண்டும்.

இதைவிட நல்லது உயர்த்திய கடவை. நடந்து போகிறவர் வீதிக்கு இறங்காமல், நடைபாதை மட்டத்திலேயே வீதியைக் கடக்கும்படி கடவையையே ஏழரை முதல் பத்து சென்றிமீற்றர் உயர்த்திவிடுவது. வேகத்தடையும் மஞ்சள் கடவையும் ஒன்றாகிவிடும். ஏன் வேகத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு என்றால், கணக்கு லேசானது. சாரதி பிள்ளையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி என்று வைத்தால், காய்ந்த காபெட் வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் நிற்க 28 மீற்றர் அளவில் எடுக்கும். 30 இல் வந்தால் 13 மீற்றர். அதாவது ஒரு பஸ்ஸின் நீளத்துக்கும் இரண்டு பஸ்ஸுக்கு மேலான நீளத்துக்கும் உள்ள வித்தியாசம். 2020 இல் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடு, நடந்து போகிறவரும் வாகனமும் கலந்து போகிற இடத்தில் 30 தான் உச்சம் என்று பிரகடனம் செய்தது இதனால்தான். நம் நாட்டுச் சட்டம் ஊருக்குள் 50 வரை விடுகிறது. சட்டத்தைச் சபை மாற்ற முடியாது. ஆனால் தன்னுடைய உள்வீதியில் பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால் 30க்கு மேல் போக முடியாதபடி வீதியைக் கட்டலாம். காலை ஏழு மணிக்கும் பகல் ஒன்றரைக்கும், பிறகு பின்னேரம் டியூசன் விடுகிற நேரத்திலும் அந்த இடத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும், எங்கே கட்டுவது என்று தெரிந்துவிடும்.

கடவை பற்றிப் பேசும்போது பஸ் தரிப்பிடத்தையும் சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் மஞ்சள் கடவைக்குச் சற்று முன்னால் பஸ் நிற்கிறது. இறங்கியவர் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் நடந்து கடவையில் காலை வைக்கிறார், பஸ்ஸை முந்தி வருகிறவருக்கு அவர் தெரியமாட்டார். கடவையைத் தாண்டிப் பஸ் நின்றால் இறங்கியவர் அதன் பின்னால் கடப்பார், பின்னால் வருகிற வாகனத்துக்கு அவர் முழுசாகத் தெரிவார். தரிப்பிடத்தை இருபது மீற்றர் தள்ளி வைப்பதற்கு எவ்வளவு செலவு? அதற்கு ஒரு கூட்டமும் இரண்டு கடிதமும் போதும்.

விளக்கு விஷயத்தில் சபைக்கு நல்ல வசதி ஒன்று உண்டு. வீதி யாருடையதாக இருந்தாலும் கம்பத்தில் விளக்குப் பூட்டுவதும் பழுது பார்ப்பதும் சபையின் வேலையாகவே இருந்து வருகிறது. ஏ4 இல் சபை கை வைக்கக்கூடிய அரிதான விஷயங்களில் அது ஒன்று. ஆனால் இப்போது பூட்டுகிற ஒழுங்கு சரியில்லை. கடிதம் கொடுத்தவர் வீட்டுக்கு முன்னால் எரியும், கடவையில் எரியாது. எல்லாக் கம்பத்துக்கும் போடக் காசு இல்லையென்றால் முதலில் கடவை, பிறகு பஸ் தரிப்பிடம், வளைவு, ஒழுங்கைகள் ஏறும் இடம், கடைசியில்தான் மற்றவை. கடவைக்கு நேரே மேலே போடுவதைவிட, வாகனம் வரும் பக்கமாகச் சற்று முன்னால் போட்டால் வெளிச்சம் ஆளின் முகத்தில் விழும். இல்லையென்றால் சாரதிக்குத் தெரிவது கறுப்பு நிழல்தான். ஆனி, ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் விடியற்காலையில் இதே வீதியோரமாக நடந்து போகிறார்கள். அந்த நேரத்தில் காரில் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மாட்டுக் கதை நீளமானது. மழை விட்ட இரவில் காபெட் வீதிதான் சூடாகவும் ஈரமில்லாமலும் இருக்கிற இடம், மாடு அங்கேதான் படுக்கும். கறுப்பு வீதியில் கறுப்பு மாடு, முன்னால் வருகிற வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடிக்க, மோட்டார் சைக்கிள் நேரே போய் ஏறும். பெரும்போகம் தொடங்கினால் வயலில் மாடு நிற்க முடியாது, மேய்ச்சல் தரையும் சுருங்கிவிட்டது. மயிலத்தமடு, மாதவனையில் பண்ணையாளர்கள் 2023 இல் தொடங்கிய போராட்டம் மேய்ச்சல் தரைக்காகத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே வீதியில் நிற்கிற மாட்டுக்கு முழுப் பழியையும் சொந்தக்காரர் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காத்தான்குடிக்கும் கல்லடிக்கும் இடையில் இரவில் படுத்திருக்கிற மாடு எல்லாம் மேய்ச்சல் தரை இல்லாமல் வந்தது என்றும் நான் நம்பவில்லை. பாலைக் கறந்துவிட்டு அவிழ்த்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சபை மாட்டைப் பிடித்துக் கட்டி, தண்டம் வாங்கி விடுவிக்கலாம். செய்கிறார்கள். ஒரு கிழமை பத்திரிகையில் படம் வரும், அடுத்த மாதம் மாடு அதே இடத்தில் நிற்கும். சிக்னலும் சுற்றுவட்டமும் மூலதனச் செலவு: ஒரு தடவை கட்டினால் பெயர்க்கல் வைத்து நாடா வெட்டலாம். மாடு பிடிப்பது மீண்டெழும் செலவு: ஒவ்வோர் இரவும் ஆள், வாகனம், கட்டி வைக்கக் கொட்டில், தண்ணி, புல். நாடா வெட்ட முடியாத வேலைக்குப் பாதீட்டில் எப்போதும் கடைசி வரிதான். வருடம் முழுக்கச் செய்ய முடியாவிட்டாலும், ஐப்பசி தொடக்கம் தை வரை நான்கு மாதத்துக்கு இரவு அணி ஒன்று வைத்தால் பெரிய பலன் இருக்கும் என்பது என் எண்ணம். அதோடு மாட்டின் கழுத்துக்கு ஒளி தெறிக்கிற பட்டி. விலை அற்பம். பட்டி கட்டினால் மாடு எழும்பிப் போகாது, ஆனால் மோட்டார் சைக்கிள்காரர் ஐம்பது மீற்றருக்கு முன்னால் காண்பார்.

இப்போது என் சொந்த யோசனைக்கு வருகிறேன். ஒழுங்கை பிரதான வீதியில் ஏறுகிற இடத்தை இங்கே ஒழுங்கை வாய் என்று வைத்துக்கொள்வோம். யாருடைய கோரிக்கைக் கடிதத்திலும் இது இருப்பதில்லை. ஆனால் வீதியில் நாங்கள் கேட்கிற அந்தப் பயங்கரமான பிரேக் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

அங்கே என்ன நடக்கிறது? ஏ4 க்கு காபெட் போட்டுப் போட்டு அது உயர்ந்துவிட்டது, ஒழுங்கை பள்ளத்தில் கிடக்கிறது. பிரதான வீதிக்கு ஏற மோட்டார் சைக்கிளை முறுக்க வேண்டும். முறுக்கினால் ஏறி நிற்காது, பாய்ந்து நடுவீதிக்குப் போய்விடும். கூடவே மழைத் தண்ணி ஒழுங்கை மணலை இழுத்து வந்து காபெட்டில் பரப்பியிருக்கும், பிரேக் பிடித்தால் வழுக்கும். மூலையில் ஆள் உயர மதில், மதிலில் விளம்பரப் பலகை, மதிலுக்கு வெளியே இரண்டு ஆட்டோ, ஒரு இளநீர்க்கடை. மோட்டார் சைக்கிளில் இருப்பவரின் கண் முன்சில்லுக்கு ஒரு மீற்றராவது பின்னால் இருக்கிறது. காருக்கு அதைவிடக் கூட. எனவே கண் வீதியைப் பார்க்கும் முன்னர் சில்லு வீதிக்குள் போய்விடும். ஐம்பதில் வருகிற பஸ்ஸுக்கு 28 மீற்றர் வேண்டும், கிடைப்பது பத்து.

இதில் எந்தத் துண்டு சபையின் கையில் இல்லை, சொல்லுங்கள்? ஒழுங்கை சபையுடையது. கொங்கிரீட் போடும்போது கடைசி ஐந்தாறு மீற்றரைப் பிரதான வீதியின் மட்டத்துக்குச் சமதளமாக ஏற்றிவிட்டால், வாகனம் அதில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். அதற்கு முன்னால், ஒழுங்கைக்குள்ளேயே, ஒழுங்கான வடிவத்தில் ஒரு வேகத்தடை. பிறகு ஒரு வெள்ளைக் கோடு. மணலைக் கூட்டுவது சுத்திகரிப்புத் தொழிலாளர் தினமும் போகிற வழிதான். விளம்பரப் பலகைக்கு அனுமதி கொடுத்துக் கட்டணம் வாங்குவது சபை. கடைக்கு உரிமம் கொடுப்பது சபை. ஆட்டோத் தரிப்பிடத்தை ஒதுக்குவதிலும் சபைக்குச் சொல்லு இருக்கிறது. மூலையை விட்டு உள்ளே தள்ளினால் போதும், ஒருவர் பிழைப்பும் கெடாது. மதிலுக்குக் கட்டட அனுமதி கொடுப்பதும் சபையே. புதிதாகக் கட்டுகிறவரிடம் மூலையைச் சாய்த்து வெட்டச் சொல்லலாம். ஏற்கெனவே நிற்கிற மதிலில் ஒரு மீற்றருக்கு மேலே உள்ள துண்டைக் கழற்றிக் கம்பி பூட்டச் சொல்லலாம். கார்ச் சாரதியின் கண் தரையிலிருந்து ஒரு மீற்றருக்குச் சற்று மேலே இருக்கும், கம்பிக்கூடாகப் பார்ப்பது அதற்குப் போதும்.

செலவு என்று பார்த்தால் ஒரு சந்திக்குச் சிக்னல் போடுகிற காசில் இப்படிப் பல ஒழுங்கைகளைத் திருத்தலாம். குறை இல்லாமல் இல்லை. முதலாவது, இது கண்ணில் படாது. விபத்து நடக்காமல் போனதற்கு ஒருவரும் பெயர்க்கல் வைக்க மாட்டார்கள். இரண்டாவது, மூலையில் இருக்கிறவர் எல்லோரும் வாக்காளர். ஒரு பலகையைக் கழற்றப் போனால் உறுப்பினருக்கு இருபது வாக்குக் குறையும். மூன்றாவது, பிரதான வீதியில் பறக்கிறவனின் வேகத்தை இது குறைக்காது. அதற்கு அதிகார சபையையும் பொலிசையும் விடாமல் அரித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

எனக்குக் கையில் சபையின் ஒரு வருடக் காசைத் தந்தால் முதலில் போக்குவரத்துப் பொலிசிடம் போய்க் கடைசி மூன்று வருட விபத்து இடங்களை வாங்கி வரைபடத்தில் புள்ளி வைப்பேன். புள்ளி கூடிய ஒழுங்கை வாய்களுக்கு முதல் காசு. அடுத்தது கடவை, தரிப்பிட விளக்குகள். மூன்றாவது சபையின் உள்வீதியில் இருக்கிற பள்ளிக்கூட வாசல்களுக்கு உயர்த்திய கடவை. மாரிக்கு மாட்டு அணி, அதற்கு மீண்டெழும் செலவில் ஒரு வரி. சிக்னலும் சுற்றுவட்டமும் அதிகார சபைக்கு எழுதுகிற கடிதத்தில் போகட்டும். நகரின் நடுவில் இருக்கிற வட்டாரத்துக்கு இந்த ஒழுங்கு மாறலாம். அங்கே நடைபாதையை மறித்து நிற்கிற வாகனமும் சாமானும்தான் முதல் பிரச்சினை, நடக்கிறவர் வீதிக்கு இறங்கியே ஆக வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் எங்கள் வட்டாரத்துக் கடிதத்தை எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. கலர் லைட்டை எடுத்துவிட்டு ஒழுங்கை வாயைப் போட்டேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, எங்கள் ஒழுங்கை வாயில் பார்வையை மறைக்கிற அந்த ஆறடி மதில் என் சொந்த மாமாவுடையது. போன ஞாயிறு மெல்லக் கதையை எடுத்துப் பார்த்தேன். மேலே இரண்டு மூன்றடியைக் கழற்றிக் கம்பி போட்டால் என்ன மாமா என்றேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "கம்பிக்குள்ளால மாடு தலைய விட்டு வாழைக்குட்டியத் தின்னும் மருமகன், முதல்ல சபையிட்டச் சொல்லி மாட்டப் பிடி" என்றார். கடிதத்தில் மாட்டை ஒரு வரி மேலே ஏற்றியிருக்கிறேன்.